ஜெனட்டும் நம்மூர்ப் புனுகுப்பூனையும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் வேலைக்காக எத்தியோப்பியா, கென்யா, தென்னாப்பிரிக்கா என்று போய் வருகிறவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் உண்டு. அவர்கள் போனில் காட்டும் படங்களில் சில நேரம் ஜெனட் என்ற ஒரு சின்ன ஆப்பிரிக்க விலங்கு இருக்கும். உடம்பெல்லாம் புள்ளி, வாலில் வளையம், பாடம் செய்து (செத்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளது போல அமைத்து) ஒரு காய்ந்த கிளை மேல் உட்கார வைத்திருப்பார்கள். "இது நம்ம ஊர் மரநாய்தானே?" என்று யாராவது கேட்பார்கள். அதற்கும், அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில்.

ஜெனட் பூனையா, கீரியா?

இரண்டும் இல்லை. நம்மூர்ப் புனுகுப்பூனை, மரநாய் இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜெனட் என்பது ஒரே விலங்கும் அல்ல. 15-க்கு முன்பின்னாக இனங்கள் உண்டு. அதிகம் தெரிந்தது பொது ஜெனட். சுமார் 2 கிலோ எடை, தலையோடு சேர்த்து உடம்பு அரை மீட்டர் அளவு, வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். பூனையைப் போல நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆனால் உடம்பு பூனையை விட ஒல்லி, கால் குட்டை, முகம் கூர்மை.

எங்கே வாழ்கிறது? ஜவ்வாது மலையில் இருக்கிறதா?

இல்லை. ஜவ்வாது மலையில் மட்டுமல்ல, இந்தியாவிலேயே காட்டு ஜெனட் கிடையாது. அதன் தாய்வீடு ஆப்பிரிக்கா. அரேபியத் தீபகற்பத்தின் சில பகுதிகளிலும் உண்டு. ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்சிலும் காட்டில் திரிகிறது. அங்கே அது தானாகப் போய்ச் சேரவில்லை, பழங்காலத்தில் வட ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள் கொண்டுபோனது என்பதே பொதுவான கருத்து.

அப்படியானால் எங்கள் வீட்டுப் புளியமரத்தில் ராத்திரி பார்த்தது என்ன?

மரத்தில் என்றால் பெரும்பாலும் மரநாய். வேலூர், குடியாத்தம், ஆற்காடு என்று ஊருக்குள்ளேயே குடியிருக்கிற பிராணி அது. ஓட்டு வீட்டுப் பரண், பழைய கல்யாண மண்டபத்தின் பொய்க்கூரை, ஆளில்லாத பங்களா என்று பகலில் படுத்துக்கொள்ள இருட்டான இடம் கிடைத்தால் போதும். சப்போட்டா, பப்பாளி, மா, வாழை எதையும் விடாது. பனங்காட்டில் கள் கலயத்தில் வாய் வைக்கும். வாலில் வளையம் இருக்காது, நுனி வரை ஒரே கருப்பு. முதுகில் மங்கலாக மூன்று கோடு, கண்ணைச் சுற்றி முகமூடி போட்டதைப் போலக் கருப்பு.

வளையம் போட்ட வாலோடு தரையில் ஓடியது என்றால் அது புனுகுப்பூனை. ஏரிக்கரை, கரும்புத் தோட்டம், சாலைக்கு அடியில் போகும் சிறுபாலத்துக் குழாய், புதர் அடர்ந்த ஓடை ஆகியவை அதன் இடங்கள். எலி, தவளை, பூச்சி, கீழே விழுந்த பழம், நாம் எறிந்த மிச்சம் மீதி என்று எல்லாம் தின்னும். மரம் ஏறத் தெரியும், ஆனால் தரைதான் அதற்குப் பிடித்தது.

எது என்று தெரியவில்லையா? காலையில் மதில் மேல் பாருங்கள். எச்சம் கிடந்து, அதில் சப்போட்டா கொட்டையோ, ஈச்சங்கொட்டையோ முழுசு முழுசாக, கழுவி வைத்த மாதிரி இருந்தால் மரநாய் வந்து போயிருக்கிறது. பழத்தைத் தின்று கொட்டையைச் சேதமில்லாமல் வேறிடத்தில் போடுவதால், காட்டில் மரம் பரவுவதற்கு அதற்கும் பங்கு உண்டு.

படத்தை வைத்து ஜெனட்டையும் புனுகுப்பூனையையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

புள்ளியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், இரண்டுக்கும் புள்ளி உண்டு. முதலில் கழுத்தைப் பாருங்கள். புனுகுப்பூனையின் தொண்டைப் பக்கவாட்டில் கருப்புப் பட்டைகள் குறுக்கே ஓடும். ஜெனட்டின் தொண்டை வெளிறி வெறுமையாக இருக்கும். அடுத்து முதுகு. புனுகுப்பூனைக்கு முதுகில் நீளக் கோடுகள், அதற்குக் கீழே பக்கவாட்டில்தான் புள்ளி வரிசை. பொது ஜெனட்டுக்கு நடுமுதுகில் ஒரே ஒரு கருப்பு முடிக்கோடு. பயந்தால் அதைச் சிலிர்த்துக்கொண்டு தன்னைப் பெரிதாகக் காட்டும்.

முகத்திலும் அடையாளம் உண்டு. ஜெனட்டின் மூக்குக்குப் பின்னால் கருந்திட்டு, கண்ணுக்குக் கீழே பளிச்சென்று வெள்ளைப் பொட்டு, காதுகள் பெரிதாகத் தள்ளித் தள்ளி. புனுகுப்பூனைக்குக் காதுகள் சிறிதாக, நெற்றியில் நெருங்கி நிற்கும். வாலை நீட்டி அளந்தால் ஜெனட்டின் வால்தான் நீளம்.

ஜெனட்டுகளுக்குள்ளும் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் வால் நுனியைப் பாருங்கள். பொது ஜெனட்டுக்கு நுனி வெள்ளை. தென்னாப்பிரிக்காவின் பெரும்புள்ளி ஜெனட்டுக்கு நுனி கருப்பு. பாடம் செய்த உருவத்தில் இந்த நுனி உடைந்தோ பூச்சி அரித்தோ போயிருந்தால், இனம் சொல்வது சிரமம்.

எருமை மேல் ஏறிச் சவாரி செய்யுமாமே, உண்மையா?

உண்மை. 2014-ல் தென்னாப்பிரிக்காவின் ஹ்லுஹ்லுவே இம்ஃபோலோசி பூங்காவில் வைத்திருந்த தானியங்கிக் கேமராக்களில் ஒரு ஜெனட் எருமை முதுகிலும் காண்டாமிருகத்தின் முதுகிலும் உட்கார்ந்து போவது பதிவானது. ஒரு தடவை அல்ல, பல ராத்திரிகள். எருமை நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிக்காகவா, மேலேயிருந்து நோட்டம் பார்க்கவா என்று ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். எனக்கு முதல் காரணம்தான் பொருத்தமாகப் படுகிறது. நம்மூர் மாட்டு முதுகில் கரிச்சான் உட்கார்ந்து போவதும் அதே கணக்குத்தானே.

மற்றபடி அது தனியாகத் திரியும் இரவுப் பிராணி. எலி அதன் முக்கிய உணவு. பறவை, பல்லி, பூச்சி, பழம் எல்லாம் உண்டு. கழிவை ஒரே இடத்தில், பாறை மேலோ மரக்கிளைப் பிரிவிலோ, திரும்பத் திரும்பப் போட்டு வைக்கும். அது இன்னொரு ஜெனட்டுக்குத் தகவல் பலகை. சுமார் 70 நாள் கருவைச் சுமந்து நான்கு குட்டிகள் வரை போடும்.

ஜெனட்டிலிருந்தும் புனுகு எடுப்பார்களா?

வாசனைச் சுரப்பி அதற்கும் இருக்கிறது, ஆனால் வியாபாரப் புனுகு அதிலிருந்து வருவதில்லை. உலகச் சந்தைக்குப் போனது எத்தியோப்பியாவில் கூண்டில் அடைத்து வைத்த ஆப்பிரிக்கப் புனுகுப்பூனையின் புனுகு. மாட்டுக் கொம்பில் அடைத்து அனுப்புவார்கள். நம் பக்கத்தில் புனுகு எடுப்பது நம்மூர்ப் புனுகுப்பூனையிலிருந்துதான். திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிந்த பின் மூலவருக்குப் புனுகுத் தைலம் சாத்துவது இன்றும் நடக்கிற வழக்கம். 1911-ல் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரியும் வரை திருப்பதியும் நம் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது என்பது இப்போது பலருக்கு நினைவில் இல்லை.

வீட்டில் வளர்க்கலாமா?

வேண்டாம். உயிருள்ள காட்டு விலங்கை வெளிநாட்டிலிருந்து அனுமதியில்லாமல் கொண்டுவர முடியாது என்பது ஒரு பக்கம். ராத்திரி முழுக்க விழித்திருந்து திரைச்சீலையில் ஏறி, பிடிக்காத நேரத்தில் கடித்து, சோபாவில் வாடை பூசி வைக்கும் பிராணியோடு யார் குடித்தனம் நடத்துவது? புனுகுப்பூனையையும் மரநாயையும் பிடித்து வளர்ப்பது நேரடியாகவே குற்றம்.

ஆப்பிரிக்காவில் ஜெனட்டை வேட்டையாடுவது ஏன்? அவ்வளவு பெரிய விலங்கும் இல்லையே?

ஜெனட்டுக்காக என்றே விமானம் ஏறிப் போகிறவர்கள் அபூர்வம். தென்னாப்பிரிக்கா, நமீபியாவில் மான் வகைகளைச் சுடப் பணம் கட்டிப் போகிறவர்கள், ராத்திரியில் வண்டியிலிருந்து விளக்கடித்துச் சின்ன இரைகொல்லிகளையும் சுடுவார்கள். அந்தக் கணக்கில் ஜெனட் சேர்கிறது. விலைப்பட்டியலில் கடைசிப் பக்கத்து ஆசாமி. கோழிக்கூண்டில் புகுந்ததற்காகப் பண்ணைக்காரர்கள் கொல்வதும் உண்டு.

பொது ஜெனட் அழிந்துபோகும் நிலையில் இல்லை. எந்த உயிரினம் அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் (IUCN) கவலை குறைந்த இனமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் 'இனமே அழிகிறது' என்று கூப்பாடு போடுவது சரியல்ல. ஆனால் 2 கிலோ பிராணியின் கண்ணில் விளக்கை அடித்து, அது திகைத்து நிற்கும்போது சுட்டு, அதைச் சுவரில் மாட்டி வீரம் பேசுவது எனக்கு ஒட்டவில்லை.

பாடம் செய்வது என்றால் உள்ளே வைக்கோல் திணிப்பதுதானே?

அது பாட்டன் காலத்துக் கதை. இப்போது உள்ளே இருப்பது கடினமான ஃபோம் வார்ப்பு. விலங்கின் உடம்பை மூக்கிலிருந்து கண் வரை, கழுத்துச் சுற்று, வயிற்றுச் சுற்று, வால் நீளம் என்று அளந்து, அந்த அளவுக்கு வார்ப்பை வாங்கியோ செதுக்கியோ வைப்பார்கள். பதப்படுத்திய தோலை அதன் மேல் சட்டை மாட்டுவதுபோல் இழுத்துப் பசையில் ஒட்டித் தைப்பார்கள். சதை உள்ளே இருப்பதில்லை, எலும்பும் பெரும்பாலும் இருக்காது. கண்கள் கண்ணாடியால் செய்தவை. வாலுக்குள் கம்பி. காதுக்குள் மெல்லிய தகடோ களிமண்ணோ வைத்து விறைக்கச் செய்வார்கள். மூக்கு, உதடு, கண்ணோரம் காய்ந்தால் நிறம் செத்துவிடும் என்பதால் கடைசியில் வண்ணம் பூச வேண்டும்.

ஜெனட்டில் கஷ்டம் எங்கே என்றால், தோல் மிக மெல்லிசு. உரிக்கும்போது கத்தி ஒரு நூல் தவறினால் ஓட்டை. செத்த பிறகு வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும். அப்புறம் பதப்படுத்தும்போது வயிற்றுப் பக்கத்திலும் காதிலும் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். அதற்குப் பின் எந்தக் கெட்டிக்காரனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவு டேனரி (தோல் பதனிடும் ஆலை) இருக்கிற ஊர். இங்கேயே பதப்படுத்த முடியாதா?

கேட்கிறவர்கள் எல்லாம் தோல் தெரிந்தவர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் டேனரிக்குப் பச்சைத் தோல் வந்ததும் உப்பை அலசி, சுண்ணாம்பும் சல்ஃபைடும் போட்டு முதலில் செய்யும் காரியமே முடியை எடுப்பது. செருப்புக்கும் பைக்கும் அதுதான் வேண்டும். பாடம் செய்வதில் முடிதான் சரக்கு. சுண்ணாம்புக் குழிப் பக்கமே அதைக் கொண்டு போகக் கூடாது.

குரோம் போட்டால் தோல் நீலமாகும், அதுதான் 'வெட் ப்ளூ'. வெள்ளை முடியிலும் அந்தச் சாயல் ஏற வாய்ப்பு உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டால் பழுப்பேறும், தோல் கனக்கும், காது விளிம்பு மாதிரி நுட்பமான இடத்தில் வளையாது. அதனால் முடியோடு இருக்கும் சின்னத் தோல்களுக்கு உப்பு, மிதமான அமிலம், பிறகு படிகாரமோ அந்த வகைச் செயற்கைச் சரக்கோ போட்டு வெள்ளையாகப் பதப்படுத்துவார்கள். நடுவில் தோலின் உட்புறத்தைக் காகிதம் போல் சீவி மெலிதாக்க வேண்டும். நம் ஆட்களின் கைக்கு அது வரும். மாட்டுத் தோலில் பழகிய கத்தியை விட்டு வேறு கத்தி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் தொழில் தெரிந்தால் மட்டும் போதாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். டேனரி உரிமம் அதற்குச் செல்லாது.

நல்ல வேலையா, மட்டமான வேலையா என்று எப்படித் தெரியும்?

தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாமே அழகு. பக்கத்தில் போய்க் கண்ணைப் பாருங்கள். ஜெனட்டின் கண்மணி பூனையினுடையதைப் போலச் செங்குத்துக் கீற்று. மலிவு வேலையில் உருண்டைக் கண்மணி உள்ள கண்ணாடியை வைத்துவிடுவார்கள், முகம் பொம்மை நாய்க்குட்டி ஆகிவிடும். இமைத் தோல் கண்ணாடியை விட்டு விலகி இருக்கிறதா, உதடு சுருங்கிப் பல் ஈறு வரை தெரிகிறதா, விரல்களுக்கு நடுவே தோல் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆம்பூரில் ஒரு நண்பர் வீட்டு ஷோகேஸில் நான் பார்த்தது ஒன்று உண்டு. கிளையில் இறங்கி வருவது போன்ற நிலை, அருமையான யோசனை. மீசைமுடி இடது பக்கம் மட்டும்தான் இருந்தது. வாலை அடியில் தைத்த இடத்தில் வளையங்கள் ஒன்றோடொன்று சேராமல் அரை விரல் தள்ளி நின்றன. மூக்கில் பூசிய கருப்பு, காலணிப் பாலிஷ் போலப் பளபளத்தது. உயிருள்ள ஜெனட்டின் மூக்கு அப்படிப் பளபளக்காது. நண்பருக்கு அது தங்கம். நான் வாலைப் பற்றி மட்டும் சொன்னேன், மூக்கை விட்டுவிட்டேன்.

தாத்தா காலத்துப் பாடம் செய்த விலங்கு வீட்டில் இருக்கிறது. தொட்டால் ஆபத்தா?

ஆபத்து இருக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகர மருந்துக்காரர் பெக்கோர் உருவாக்கிய ஆர்சனிக் சோப்பைத் தோலின் உட்புறம் பூசுவது, இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம் உலகம் முழுக்க நடந்தது. பூச்சி அண்டாது என்பது உண்மை. மனிதனுக்கும் அது நஞ்சு. கண்ணோரம், தையல், பாதம் இந்த இடங்களில் வெள்ளைப் பொடி கசிந்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

வெறும் கையால் தொட வேண்டாம். சாதாரண வேக்குவம் கிளீனரைப் போட்டால் தூசியை அறை முழுக்க இறைத்துவிடும். குழந்தைகள் தூங்கும் அறையிலிருந்து முதலில் வெளியேற்றுங்கள். நவராத்திரிக் கொலுவுக்குக் 'காடு' அமைக்க அதை எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தால், தயவுசெய்து இந்த வருஷம் மரப்பொம்மை வாங்குங்கள்.

தென்னிந்தியப் பழைய வீடுகளில் இருக்கும் புலி, சிறுத்தைத் தலைகளில் பல மைசூரு வான் இங்கன் நிறுவனத்தில் செய்தவை. 1900-ஐ ஒட்டித் தொடங்கி 1990-களின் கடைசி வரை நடந்த நிறுவனம் அது.

அதை வைத்திருப்பது சட்டப்படி சரியா?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிட்ட இந்திய விலங்கு என்றால் உரிமைச் சான்றிதழ் இருக்க வேண்டும். 2003-ல் விதி போட்டு, கையில் இருப்பதை அறிவிக்க 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அப்போது தாத்தா சான்றிதழ் வாங்கியிருந்து, பிறகு உங்களுக்கு வாரிசாக வந்தால், 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் நீங்கள் தெரிவிக்க வேண்டும். விற்கக் கூடாது. சான்றிதழ் இருந்து, வைத்துக்கொள்ள விருப்பம் இல்லையென்றால் அரசிடம் ஒப்படைக்க அந்தச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் வழி செய்திருக்கிறார்கள். இழப்பீடு கிடையாது.

காகிதம் எதுவும் இல்லையென்றால் இணையத்தில் விளம்பரம் போட்டு 'பழம்பொருள்' என்று தள்ளிவிடப் பார்க்காதீர்கள். நேராக மாவட்ட வன அலுவலகத்துக்குப் போங்கள், முடிந்தால் ஒரு வழக்கறிஞரோடு.

வெளிநாட்டிலிருந்து பாடம் செய்த ஜெனட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா?

ஏற்றுமதி நாட்டின் அனுமதி, கால்நடைச் சுகாதாரச் சான்று, இந்திய இறக்குமதி அனுமதி எதுவும் இல்லாமல் கொண்டுவந்தால் சென்னையிலோ பெங்களூரிலோ சுங்கத்தில் பொருளும் போகும், வழக்கும் வரும். எப்படியோ வந்து சேர்ந்தாலும் தலைவலி தீராது. புள்ளியும் வளையமும் போட்ட அந்த உருவத்தைப் பார்க்கும் வன அலுவலருக்கு முதலில் தோன்றுவது நம்மூர்ப் புனுகுப்பூனைதான். இல்லை என்று காட்டும் காகிதம் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

சாலையில் அடிபட்டுச் செத்த புனுகுப்பூனையை எடுத்துப் பாடம் செய்தால்?

கூடாது. செத்துக் கிடந்தாலும் அது அரசுச் சொத்து. எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். பெங்களூர் நெடுஞ்சாலையில் ராத்திரி அடிபடும் சின்ன விலங்குகளில் இதுவும் உண்டு. இறந்த விலங்கைக் கல்விக்காகப் பாடம் செய்ய வேண்டுமானால் அதற்கு அரசு வழி இருக்கிறது. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009 முதல் அப்படி ஒரு மையம் இயங்குகிறது.

அடிபட்டு உயிரோடு கிடந்தால் கையை நீட்டாதீர்கள், வனத்துறையைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போய்விடுங்கள்.

பாடம் செய்ததில் பூச்சி விழுகிறது. என்ன செய்ய?

தரையில் தவிடு மாதிரி உதிர்ந்திருந்தால் தோல்வண்டுப் புழு. நெருக்கமாகப் பாலித்தீன் உறையில் கட்டி, ஆழ்குளிர் பெட்டியில் ஒரு வாரம் வைத்து, அறை வெப்பத்துக்கு மெதுவாக வந்த பிறகு உறையைப் பிரிக்கவும். வேலூர் வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் நிறம் வெளுத்துத் தையல் பிளக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை. கண்ணாடிப் பெட்டிதான் நல்லது.

இந்தக் குடும்பத்து விலங்கை உயிரோடு பார்க்க இங்கே எங்கே போகலாம்?

மரநாய்க்கு எங்கும் போக வேண்டாம். பழுத்த சப்போட்டா மரம் உள்ள தோட்டத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பேசாமல் உட்கார்ந்தால் போதும். புனுகுப்பூனைக்கு ஜவ்வாது மலை அடிவாரம் நல்ல இடம். கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகும் வழியில், ஊரை ஒட்டிய நிலக்கடலை வயல் வரப்புகளில் இருட்டிய பின் வரும். காப்புக்காட்டுக்குள் ராத்திரி போக வனத்துறை அனுமதி வேண்டும், வயல்வெளிக்கு நிலத்துக்காரர் சம்மதம் போதும். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டிக்கொள்ளுங்கள், முகத்துக்கு நேராக அடிக்காதீர்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போனால் எதையும் பார்க்க முடியாது.